பதினாறுக்குக் கீழே ஏன் ஆள் இல்லை

தம்பி, நீ ஞாயிற்றுக்கிழமை வந்து போனதிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் செவ்வாய். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. ஒரு பக்கம் நிரம்புவதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் போனில் சொல்லப்போவதில்லை. போனில் நான் ஏதாவது தொடங்கினால் நீ "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வேறு யாருக்கோ பதில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். நேரில் சொன்னால் சிரித்துவிடுவாய். கடிதமென்றால் கையில் பிடித்துத்தான் படிக்க வேண்டும். மாதக் கடைசியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு பண்டாரவளைக்குக் குடிபோகிறாய். உன்னை ஆசிரிய ஆலோசகர் ஆக்கியிருக்கிறார்கள் என்று இந்த லயத்தில் இருபது வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. குறை நீ ஞாயிற்றுக்கிழமை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்ன சங்கதியில்தான்.

நீ சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. "அடுத்த மாசம் பண்டாரவளையில கணக்கு டீச்சர்மாருக்கெல்லாம் ரெண்டு நாள் பயிற்சிம்மா. நம்ம கொழுந்துப் படத்தத்தான் காட்டப் போறேன். பாக்கியம் அத்தையையும் வேன்ல கூட்டிட்டுப் போறேன். அவங்க வந்து பேசுனா நல்லா இருக்கும்." நான் சம்பல் கிண்ணத்தை உன் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டேன்.

"என்னைய?"

"ஒங்களுக்கு பண்டாரவளைக் குளிரு ஒத்துக்காதும்மா."

என்னோடு மலையில் கொழுந்து எடுத்த பாக்கியம் என்னைவிட நாலு மாதம் மூத்தவள். குளிர் என்ன ஆள் பார்த்துப் பிடிக்குமா? முப்பத்தாறு வருடம் பனியில் நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலையேறியவளுக்கு, வேனில் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு போய் வருகிற குளிர் ஒத்துக்காது என்கிறாய். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்தாய், போனாய். நீ போன பிறகு அந்தக் கோப்பையைக் கழுவவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

பொறாமை என்று சொல்வாய். ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்து உன்னிடம் மழுப்பப் போவதில்லை. நாற்பது வருடமாக அந்தப் பொம்பளை மேல் எனக்கு ஆற்றாமை இருக்கிறது. அவள் பேசினால் ஊர் சிரிக்கும். நான் பேசினால் எல்லோருக்கும் வேலை ஞாபகம் வரும். கொழுந்து நிரையில் அவள் பக்கத்தில் நிற்கப் போட்டி நடக்கும். அவளுக்கு வெலிமடையில் கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி. மாதம் ஒருமுறை லீக்ஸும் கரட்டும் மூட்டையாக வரும். அதில் பாதியை லயத்துக்குப் பங்கு போடுவாள். எனக்கு வருகிற பங்கில் லீக்ஸ் எப்போதும் கொஞ்சம் வாடித்தான் இருக்கும். அப்படி இல்லை என்று நீ ஒருமுறை சொன்னாய். சமைத்தது நான்.

எல்லாவற்றுக்கும் மேலே, ரோட்டிலிருந்து இறங்கி வருகிற வழியில் அவள் வீடு முதலில் இருக்கிறது. அது யார் செய்த குற்றமும் இல்லை, வெள்ளைக்காரன் கட்டிய லயம். ஆனால் உன் வாழ்க்கையில் நல்ல சேதி எது வந்தாலும் அந்த வாசலில் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முடிவு வந்த சாயங்காலம் உனக்கு மறந்திருக்கும். நாங்கள் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்ட நேரம். பெரிய வாத்தியார் சொல்லி அனுப்பி, நீ பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாய். "அம்மா, நான் பாஸ்" என்று நீ என் முன்னால் வந்து நின்றபோது உன் உதட்டில் சீனி ஒட்டியிருந்தது. அவள் வாயில் போட்டுவிட்டிருக்கிறாள். நான் உன்னைத் தூக்கி முத்தம் கொடுத்தேன், உனக்கு அதுதான் தெரியும். எனக்கு அந்தச் சீனிதான் தெரிகிறது.

இனி உன் பள்ளிக்கூடத்தில் நீ நடத்திய கணித தினத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இடம் இல்லாமல் நானாகத்தான் போய் உட்கார்ந்தேன் என்று நீ சொல்வாய். சரி. முன்னுக்கு வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை என்பதையும் நான் மனதில் குறித்து வைத்திருக்கிறேன். முன் வரிசையில் அதிபர், கல்விக் கந்தோரிலிருந்து வந்த ஒரு ஐயா, தோட்டத்து ஆபீஸ் ஐயா, அவர்களோடு சமமாக ஒரு நாற்காலியில் பாக்கியம், தோளில் மருமகன் வாங்கிக் கொடுத்த சால்வை. நீ என் மகன், அதனால் சொல்கிறேன், அன்று நீ நடத்திய பாடத்தைப் போல ஒரு பாடத்தை நான் கண்டதில்லை. மூன்றாம் வகுப்பில் எனக்குக் கணக்கு என்றால் பிரம்பும் வாய்ப்பாடும்தான். உன் பிள்ளைகள் ரப்பர் பட்டியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கல்லுக்கு எவ்வளவு நீள்கிறது, இரண்டு கல்லுக்கு எவ்வளவு என்று அடிமட்டக் கோலால் அளந்துகொண்டிருந்தார்கள். வாய் குறுகிய போத்தலில் கோப்பை கோப்பையாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் மெதுவாக ஏறிய தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் ஏன் பாய்ந்து ஏறுகிறது என்று கோடு கீறிக்கொண்டிருந்தார்கள். பீலித் தண்ணீருக்குக் குடம் பிடிக்கிற எங்களுக்கு அது காதால் தெரியும். அதைத் தாளில் கீறலாம் என்று தெரியாது.

பிறகு அந்தப் பெட்டி. டிவி வந்த பெரிய அட்டைப் பெட்டியில் இரண்டு ஓட்டை வெட்டி, ஒரு பக்கம் துண்டைப் போட்டால் மறுபக்கம் வேறு துண்டு வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பேர் சார்பு என்றாய். பெட்டிக்குப் பின்னால் பாக்கியத்தை உட்கார வைத்தாய். ஒரு பிள்ளை பதினெட்டு என்று எழுதிப் போட்டது, பதினாறு வந்தது. இன்னொன்று இருபத்தைந்து போட்டது, இருபத்து மூன்று வந்தது. உள்ளேயிருந்து அவள், கொழுந்து நிறுத்து எழுதுகிற பழைய கணக்கப்பிள்ளையின் குரலை அப்படியே எடுத்துவிட்டாள். "சாக்கு ரெண்டு கிலோ. எறங்கு, எறங்கு. அடுத்த ஆளு வா." அந்த மனிதர் செத்து எத்தனையோ வருடம், ஆனால் என் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"என்ன நடக்குது உள்ளுக்கு?" என்று நீ கேட்டாய்.

"ரெண்டு கழியுது சார்."

"சரி, மழை நாள்னா?"

பெட்டிக்குள்ளிருந்து பாக்கியம், "மழ பேஞ்சா கணக்கப்பிள்ளைக்கு கை நீளும் தம்பி" என்றாள். அதிபரே சிரித்தார்.

மழை நாளில் சாக்குக்கு இரண்டு போக, ஈரத்துக்குப் பத்துக்கு ஒன்று கழிப்பார்கள். பத்தைப் போட்டால் ஏழு வந்தது, இருபதைப் போட்டால் பதினாறு, முப்பதைப் போட்டால் இருபத்தைந்து. நீ கரும்பலகையில் வெயில் கோட்டையும் மழைக் கோட்டையும் கீறினாய். இரண்டும் ஒன்றாகப் போகவில்லை. இடைவெளி ஒன்று, இரண்டு, மூன்று என்று அகன்றுகொண்டே போனது. அதிகம் எடுத்தவளிடமிருந்து அதிகம் போயிருக்கிறது. மழையில் நடுங்கிக்கொண்டு கூடுதலாக எடுத்த ஒவ்வொரு கிலோவிலும் இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது. எனக்கு அது முப்பத்தாறு வருடமும் வயிற்றில் தெரிந்தது, அன்றைக்குத்தான் கண்ணில் தெரிந்தது. அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டிக்குள் நான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு சுவரில் தொங்கவிட்ட உரச் சாக்கு, நீ சொல்கிற கொழுந்துப் படம். பிரித்து வெள்ளையடித்து, கீழே ஐந்திலிருந்து இருபத்தைந்து வரை எண்களை எழுதி வைத்திருந்தாய். ஒவ்வொரு பிள்ளையும் லயங்களில் மூன்று பெண்களிடம் ஒரு நாள் கொழுந்தின் நிறையைக் கேட்டு வந்திருந்தது. வேலைக்குப் போகிறவர்களிடம் போன வாரம் நிறை எழுதிக் கொடுத்த கொழுந்துத் துண்டு. என்னைப்போல் நின்றுவிட்டவர்களிடம் மனதில் நிற்கிற ஏதாவது ஒரு நாள். பழைய கலண்டரைச் சதுரம் சதுரமாக வெட்டி, அவரவர் எண்ணுக்கு மேல் ஒட்டினார்கள். பதினாறுக்கு மேல் சதுரங்கள் ஏறின, ஏறின, சாக்கின் விளிம்பைத் தாண்டிச் சுவரில் ஏறின. பெஞ்சைப் போட்டு நின்று ஒட்டினார்கள். அதிகம் பேர் நிற்கிற எண்ணுக்குக் கணக்கில் ஆகாரம் என்று பேர் சொன்னாய். பதினேழு, பதினெட்டில் கொஞ்சம். இடது பக்கத்தில் எட்டில், ஒன்பதில் இரண்டிரண்டு, பதினொன்றில் ஒன்று. வலது கோடியில் இருபத்து மூன்றில் ஒன்று, தனியாக.

அந்த இருபத்து மூன்று என்னுடையது. கேட்டு எழுதிக்கொண்டு போனவள் உன் வகுப்புத் தர்ஷினி, மேல் லயத்துப் பிள்ளை. "மறக்காத ஒரு நாள் சொல்லுங்க பாட்டி" என்றாள், யோசிக்காமல் சொன்னேன். அந்தப் பதினொன்று பாக்கியத்துடையது. அவளிடமும் தர்ஷினிதான் கேட்டிருக்கிறாள். ஆயிரம் நாள் இருபதுக்கு மேல் நிறுத்தவள் ஏன் பதினொன்றைச் சொன்னாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. இரண்டும் ஒரே நாள்.

அப்போதுதான் தர்ஷினி கையைத் தூக்கினாள். "சார், பன்னெண்டு, பதிமூணு, பதினாலு, பதினஞ்சுல ஒருத்தருமே இல்லையே. ஏன் சார்?" நல்ல கேள்வி, தம்பி. அந்தப் பிள்ளையை விட்டுவிடாதே. நீ சாக்கைப் பார்த்தாய். பதில் தெரியாததை மறைக்காமல் பாக்கியத்தைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க அத்தை" என்றாய். அவள் ஒரு நொடி என் பக்கம் திரும்பினாள். பிறகு முன்னால் பார்த்து, "பதினாறு வந்தா ஒரு பேரு, ஒரு நாள் சம்பளம். அதுக்கு மேல எவ எடுப்பா? கூடைய எறக்கி வச்சிட்டு கத பேசுவோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப இந்தப் பதினொன்னு?" என்று தர்ஷினி விடவில்லை. "அது கொளவி கொட்டுனதுக்கு மறுநாளு கண்ணு. பாதிய கொளவி கொண்டு போயிருச்சு." இன்னும் சிரிப்பு. நீ கரும்பலகையில் எழுதினாய்: இலக்கை எட்டியதும் பெண்கள் நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அதைத்தான் நீ இப்போது அச்சடித்துப் பண்டாரவளைக்குக் கொண்டுபோகிறாய்.

அது பொய். நீ கணக்கு வாத்தியார், நீயே யோசித்துப் பார். பதினாறு வந்ததும் நிறுத்தினால் பதினாறுக்கு மேலேதான் ஆள் குறையும். பதினாறு எட்ட முடியாதவள் எங்கே போனாள்? நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி, வயசானவள், மெதுவான கைக்காரி, இவர்களுக்கெல்லாம் பதின்மூன்றும் பதினான்கும்தானே வந்திருக்கும்? எங்கே அந்தச் சதுரங்கள்?

எங்கே என்று நான் சொல்கிறேன். மலையிலிருந்து நிறுக்கிற இடத்துக்கு வருகிற பாதையில் கடைசியாக ஒரு வளைவு உண்டு. அங்கே கணக்கப்பிள்ளையின் கண் எட்டாது. அந்த வளைவில் ஒரு நிமிடம் எல்லோரும் மூட்டையை இறக்குவோம். இருபது எடுத்தவள் பதின்மூன்று எடுத்தவளின் சாக்கில் இரண்டு அணைப்புக் கொழுந்தை அள்ளிப் போடுவாள். யாரும் யாரையும் கேட்பதில்லை, திருப்பித் தருவதுமில்லை. கையால் தூக்கிப் பார்த்தே பதினாறு தெரியும் எங்களுக்கு. பதினாறு நிறுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், அரை நாள்தான் வேலை செய்ததாக எழுதுவார்கள். அதனால் பதின்மூன்று பதினாறாகும், இருபது பதினேழாகும். உன் சாக்கில் வானத்துக்கு ஏறி நிற்கிறதே பதினாறு, அது நிறுத்திக்கொண்டவர்கள் கூட்டம் இல்லை. அதில் பாதிச் சதுரம் இரண்டு பேர் கையால் ஆனது. எட்டும் ஒன்பதும் நிஜமாகவே அரை நாளோடு வீட்டுக்குப் போனவர்கள்.

இப்போது என் சங்கதி. நீ தை மாதம் பிறந்தாய். பங்குனியில் உன்னைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு நான் வேலைக்கு இறங்கினேன். உடம்பில் ரத்தம் இல்லை. எப்படித் துடித்தாலும் ஒன்பதுக்கு மேல் வராது. அந்த வளைவில் பாக்கியம் வந்து நிற்பாள். "தொற புள்ள" என்பாள், சாக்கைத் திறப்பேன், ஏழு கிலோ விழும். பங்குனி, சித்திரை, வைகாசி, மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் போட்டாள். பேரேட்டில் எனக்கு எல்லா நாளும் பதினாறு. அந்த நேரம் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றதை நான் மறக்கவில்லை. நன்றியால் அல்ல, தம்பி. உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நாளைக்கு இது பயன்படும் என்றுதான் சொல்கிறேன். ஒருவரிடம் தினமும் வாங்குகிறவர் மனதில் என்ன வளர்கிறது என்று கொடுக்கிறவருக்குத் தெரிவதில்லை. அவள் சிரித்துக்கொண்டே போட்டாள். அந்தச் சிரிப்பு இல்லாமல் போட்டிருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன்.

நீ சீனி ஒட்டிய உதட்டோடு வந்து நின்றதற்கு மூன்றாம் நாள் அவளைக் குளவி கொட்டியது. வலது கை பன் மாதிரி வீங்கிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்தாள். இடது கையால் எடுத்தாள். எனக்கு அன்று கை பறந்தது, வாழ்நாளில் அப்படி எடுத்ததில்லை. சாயங்காலம் அந்த வளைவில் மூட்டையை இறக்கினோம். அவள் சாக்கு எவ்வளவு என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அவள் என் சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மற்றவர்கள் நான் போடுவேன் என்று நம்பி முன்னால் நடந்துவிட்டார்கள். நான் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

எனக்கு இருபத்து மூன்று. அவளுக்குப் பதினொன்று, அரைப் பேர். ஐந்து கிலோ, அவ்வளவுதான். அதைப் போட்டிருந்தால் அவளுக்குப் பதினாறு, எனக்குப் பதினெட்டு. இரண்டு பேருக்கும் முழுப் பேர். எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது. இந்தக் கணக்கை அன்றிலிருந்து எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, ஒவ்வொரு தடவையும் அதே விடைதான். கணக்கப்பிள்ளை, "என்ன பாக்கியம், இன்னைக்கு அரையா?" என்றதற்கு அவள், "பாதிய கொளவி கொண்டு போயிருச்சுங்க ஐயா" என்று சொல்லிச் சிரித்தாள். உன் வகுப்பில் சொன்ன அதே பேச்சு. முப்பது வருடத்தில் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

இதுவரை உள்ளதை நேற்று, செவ்வாய்க்கிழமை எழுதி முடித்தேன். உன் வகுப்பில் அவள் என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். அதிலும் அவள் முந்திக்கொண்டாளே என்று எரிந்துகொண்டுதான் எழுதினேன். ஆனால் அவள் பேரை வைத்து எழுதியதை அவளுக்குத் தெரியாமல் அனுப்ப மனம் ஒப்பவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. ஆகவே இன்று, புதன் காலை கொப்பியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அந்த வாசற்படியை மிதித்தேன்.

"யாரு செத்தது?" என்று கேட்டாள்.

"யாரும் சாகல. ஒக்காரு. ஒன்னைப் பத்தி எழுதியிருக்கேன், வாசிக்கிறேன்."

லீக்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். சீனியை வாசித்தபோது, "அந்தக் கால் கரண்டி சீனிக்கா இவ்வளவு?" என்றாள். வாடின லீக்ஸைப் பற்றி வாசித்தபோது கையிலிருந்ததை என் மடியில் போட்டு, "இது வாடியிருக்கா பாரு" என்றாள். குளவி நாளுக்கு வந்தபோது கத்தியை வைத்துவிட்டாள். முடித்தேன்.

"நீ போடுவேன்னுதான் நின்னேன்" என்றாள் பிறகு. "அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி அழுதேன். கை வலின்னு அவருகிட்ட சொன்னேன்."

"அப்புறம் ஏன் வகுப்புல என்னைக் காப்பாத்துன?"

"ஒன்னையா? ஏ புள்ள, ஒலகமே ஒன்னைச் சுத்தியா ஓடுது? முன் வரிசையில தோட்டத்து ஆபீஸ் ஐயா ஒக்காந்திருந்தாரு, பாக்கலையா? சொவத்துல ஒட்டியிருந்ததுல பாதி போன வாரத்துத் துண்டு. தர்ஷினியோட அம்மா இன்னும் மலைக்குப் போறா. அந்த வளைவ நான் காட்டிக் கொடுத்தா, நாளைக்கு அங்க ஒரு ஆளை நிறுத்திப்புடுவாங்க. அப்புறம் முடியாதவளுக்கெல்லாம் அரைப் பேருதான்."

என் முகத்தில் யாரோ தண்ணீரை ஊற்றியது போலிருந்தது. நான் கடைசி பெஞ்சிலிருந்து அவள் சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முன் வரிசையைப் பார்த்திருக்கிறாள். நானும் அந்தப் பாதையில் முப்பத்தாறு வருடம் நடந்தவள்தானே, எனக்கு ஏன் அது தோன்றவில்லை? இந்தப் பொறாமைக்கு மருந்தே கிடையாது போல.

ஆகவே தம்பி, நானும் அவளும் பேசி முடிவு செய்ததைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். நீ அச்சடித்த தாளில் அந்த வரியை எடுத்துவிடு. சுவரிலிருந்து வேலைக்குப் போகிறவர்களின் சதுரங்கள் எல்லாவற்றையும் உரித்து எரித்துவிடு. நான்கு தோட்டம் தள்ளி இருக்கிறவர்கள் முன்னால்கூட அதைக் காட்டாதே. மலையை விட்டு நின்றுவிட்ட எங்களைப் போன்றவர்களிடம் மட்டும் புதிதாகக் கேட்டு வரச் சொல். அப்போதும் பதினாறு ஓங்கி நிற்கும், அதற்குக் கீழே பள்ளம் இருக்கும். டீச்சர்மாரிடம் பதிலைச் சொல்லிவிடாதே. தர்ஷினி கேட்ட கேள்வியை அவர்களிடம் கேள். அவர்கள் எல்லாப் பதிலும் சொல்லி முடித்த பிறகு, அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று நாங்கள் சொல்கிறோம். எங்கள் பேரைப் பாதியாக்க இனி எந்தக் கணக்கப்பிள்ளையும் இல்லை. இருபத்து மூன்றும் பதினொன்றும் ஒரே நாள் என்பதை நான் சொல்வேன், அவள் சொல்லக் கூடாது. அதற்கு அவள் ஒத்துக்கொண்டாள். வேனில் ஜன்னல் ஓரம் யார் என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இத்தனை படித்தவனுக்கு மூன்றாம் வகுப்புக்காரி சொல்கிறாளே என்று நினைக்காதே. எண்ணைக் கையில் வாங்கும்போது அது எந்தப் பாதையில் நடந்து வந்தது என்று கேள். நிறுக்கிற தராசு சரியாகத்தான் இருக்கும். தராசுக்குப் பத்தடி முன்னால் என்ன நடந்தது என்று தராசுக்குத் தெரியாது. பதில் தெரியாதபோது நன்றாகப் பேசுகிறவரிடம் மட்டும் திரும்பாதே, பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரையும் ஒருமுறை பார். அன்று நீ கடைசி பெஞ்சைப் பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டேன். எழுந்திருக்க மாட்டேன். ஆனாலும் நீ பார்த்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது பாக்கியம் வாசல் வரை வந்தாள். ஒரு கட்டு லீக்ஸைக் கையில் திணித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஒன்னு மட்டும் தப்பு. மூணு மாசம் இல்ல, நாலு" என்றாள். என் ஞாபகத்தில் கை வைக்க இந்தத் தோட்டத்தில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. "மூணுதான்" என்றேன். "ஆனியில நீ இருமிக்கிட்டே வரல? ஆடி பொறக்குற வரைக்கும் நாந்தான் போட்டேன்" என்றாள். "மூணு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து லீக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தேன். நாலுதான். மேலே மூன்று என்று எழுதியிருக்கிற இடத்தை நீயே திருத்திக்கொள், தம்பி. என் கையால் அதை அடித்து எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.